வானொலியும் நமது விலாசமும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கொழும்பு வானொலி அறிவிப்பாளர்களைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தபோது, அதற்கும் நமது நோட்டன் பிரிட்ஜுக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர் சிலர் வினவினர். சம்பந்தம் உண்டு. 1950ஆம் ஆண்டில் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதற்கு நீர் கொடுப்பது நம் கண்ணெதிரே கிடக்கும் நோட்டன் அணை. அதே 1950 செப்டெம்பரில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையும் ஆரம்பமாயிற்று. நம்மூர்த் தண்ணீர் மின்சாரமாகிக் கொழும்புக்குப் போயிற்று. கொழும்பின் குரல் காற்றிலேறி நம்மிடம் வந்தது. லயங்களுக்கு மட்டும் அந்த மின்சாரம் நெடுங்காலம் வரவில்லை. நம் பாட்டன்மார் பாட்டரிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்துதான் வானொலி கேட்டனர்.

கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆந் தேதியே தொடங்கிவிட்டது. ஏகலையில் படையினர் நிறுவிய 100 கிலோவாட் அஞ்சல் கருவி 1949இல் இலங்கையின் கைக்கு வந்தது. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களைக் குறைக்கவே, தமிழ்நாடு முழுவதும் நம் நிலையத்தின் பக்கம் காது கொடுத்தது. இது பலரும் அறிந்த கதை. ஆதலால் விரைந்து கடக்கிறோம்.

வர்த்தக சேவையின் முதல் தமிழ் அறிவிப்பாளர் திரு. எஸ். பி. மயில்வாகனம் அவர்கள். மேடைப் பண்டிதரைப் போலன்றி, பக்கத்து வீட்டு அண்ணன் திண்ணையில் இருந்து பேசுவதுபோல அவர் பேசினார். பின்னர் திரு. கே. எஸ். ராஜா 'திரைவிருந்தில்' மூச்சுவிடாது பேசினார், திரு. பி. எச். அப்துல் ஹமீது 'பாட்டுக்குப் பாட்டு' நடத்தினார். திருமதி இராஜேஸ்வரி சண்முகம் மாதர் நிகழ்ச்சிகளில் தாயின் குரலாக விளங்கி, 2012இல் மறைந்தார். ழகரமும் ளகரமும் இவர்கள் வாயில் பிறழ்ந்ததில்லை. மிஷன் பாடசாலையில் பிரம்படிக்கு அஞ்சி வாசிப்புப் பழகிய எமக்கு, அந்த உச்சரிப்பின் அருமை சற்றுக் கூடுதலாகவே தெரியும்!

ஆயினும், நம் பெரியவர்கள் இவர்களை நேசித்ததற்கு உச்சரிப்பு மட்டுமா காரணம்? நேயர் விருப்பம் என்று ஒன்று இருந்ததல்லவா? தபாலட்டை வாங்கி, எழுதத் தெரிந்த பிள்ளையைப் பிடித்து, பாட்டின் பெயரையும் வீட்டார் பெயர்களையும் எழுதி, அடியில் முழு விலாசமும் போடுவார்கள்: மேல்கணக்கு, இன்ன தோட்டம், நோட்டன் பிரிட்ஜ். பிறகு வாரக்கணக்காகக் காத்திருப்பு. பெயர் வாசிக்கப்பட்ட மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் அதுவே பேச்சு.

பெரியோர்களே, அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள் அவர்கள். வாக்காளர் இடாப்பில் கறுப்பையாவும் இராமாயியும் இல்லை. கொழும்பு நகரிலே, அரசாங்கத்தின் ஒலிவாங்கியில், அவர்களுடைய பெயர் மரியாதையுடன் உச்சரிக்கப்பட்டது ஒரு பாட்டுக்கு முன்னால்தான். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறி நீலகிரிக்குப் போனவர்களுக்கும் அதே வானொலி அங்கே கேட்டது. பிரிந்த உறவினரின் தோட்டத்துப் பெயர் காதில் விழாதா என்று அவர்கள் காத்திருந்திருப்பார்கள் என்றே எண்ணுகிறோம். எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இப்போது தபாலட்டைக்கு வேலையில்லை. 1998 முதல் தனியார் தமிழ் வானொலிகள் வந்துவிட்டன. அறிவிப்பாளர் நேயருடன் தொலைபேசியில் நேருக்கு நேர் பேசுகிறார். பதில் உடனே கிடைக்கிறது என்பது நல்லதுதான். ஆனால் கால்வாசி ஆங்கிலமும், ஓயாத சிரிப்பும், தோட்டத்துப் பேச்சைக் கேட்டவுடன் அதைப் போலவே இழுத்துப் பேசிக் காட்டும் பழக்கமும் சில நிகழ்ச்சிகளில் புகுந்துள்ளன. இதை வேடிக்கை என்று நாம் ஏற்பதற்கில்லை. குற்றம் முழுவதும் அவர்கள்மேல் என்றும் சொல்ல மாட்டோம்.

சென்ற மாதம் எம்முள் ஒருவர் அத்தகைய நிகழ்ச்சி ஒன்றுக்குப் பேசினார். நாங்கள் நால்வர் பக்கத்தில் இருந்தோம். "எந்த ஊர்?" என்று கேட்டார் அறிவிப்பாளர். "ஹட்டன்" என்றார் நண்பர். "ஹட்டனில் எங்கே?" என்றதற்கு, "டவுனுக்குக் கிட்ட" என்றார். நாங்கள் ஒருவரும் அவரைத் திருத்தவில்லை. அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அவருடைய அப்பாயிதான் வெளியே வந்து கேட்டார்:

"ஏன்டா, நம்ம மேல்கணக்குக்குப் பேரு இல்லையா? ஒங்க தாத்தா அதத்தானே கார்டுல எழுதிப் போடுவாரு?"

நண்பர் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்களுக்கும் பதில் வரவில்லை.