"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்

(பணியிடப் பயிற்சி நடத்தவிருக்கும் தோழர்களுக்காகக் கள்ளக்குறிச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரும் நாட்களில் நீங்கள் சின்னசேலம் பக்கத்து சேகோ ஆலைகளுக்கும், மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டும் இடங்களுக்கும், கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் போகப் போறீங்க. தொழிலாளர்களுக்கு அவங்க உரிமையைச் சொல்லித்தரப் போறீங்க. சட்டப் புத்தகம் கையில இருக்கு. அது மட்டும் போதுமா? போதாது. சொல்லித்தர்றவர் எப்படிப்பட்டவர் என்பதுதான் பாதி வேலை.

கல்வராயன் மலை மக்கள் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தவர்கள். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-ல்தான். மேல இருக்கிறவர் சொல்லணும், கீழ இருக்கிறவர் தலையாட்டணும் என்ற பழக்கம் ஒரு சட்டத்தோட போயிடாது. முன்பணத்தோட மேஸ்திரி வரும்போது இன்றைக்கும் அந்தத் தலையாட்டல்தான் நம்ம மக்களை வெளியூர் வேலையில் மாட்டிவைக்குது. நாமும் நின்னுக்கிட்டு ஒரு மணி நேரம் பேசிட்டு "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா, "புரிஞ்சுதுங்க"ன்னுதான் பதில் வரும். அந்தப் பதிலை நம்பாதீங்க.

அதனால முதல் குணம், பொறுமை. "முன்பணம் கழியாம ஊருக்குப் போகக்கூடாதுன்னு மேஸ்திரி சொன்னா நீங்க என்ன சொல்வீங்க?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்குங்க. ஒரு நிமிஷம் யாரும் பேசமாட்டாங்க. பரவாயில்லை, காத்திருங்க. ஒரு அம்மா மெதுவா ஆரம்பிப்பாங்க. அதுக்கப்புறம் சட்டத்தைச் சொல்லுங்க: கடனைக் காட்டி ஒருத்தரைக் கொத்தடிமையா வைக்கிறது குற்றம், 3 ஆண்டு வரை சிறை உண்டு, அந்தக் கடன் சட்டப்படி செல்லாது, மாவட்ட ஆட்சியரிடமும் கோட்டாட்சியரிடமும் புகார் கொடுக்கலாம். அவங்க வாயிலிருந்து வந்த கேள்விக்குச் சொன்ன பதில்தான் மனசுல நிக்கும்.

இரண்டாவது, பணிவு. 1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கத்துக்கிட்டாங்க. சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஊர் இளைஞர்களும் இளம்பெண்களும்தான். பட்டம் இல்லாதது அவர்களுக்குத் தடையாக இல்லை. ஜனங்களுக்குத் தோதான நேரத்துல, ஜனங்க இருக்கிற இடத்துக்குப் போனாங்க. நீங்களும் நாற்காலி தேடாதீங்க. அவங்க தரையில உட்கார்ந்தா நீங்களும் தரையில உட்காருங்க.

மூன்றாவது, நேர்மை. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. "கேட்டுட்டு வந்து சொல்றேன்"னா, கட்டாயம் திரும்பிப் போங்க. அதேபோல, சொன்ன நேரத்துக்குப் போங்க. உங்களுக்காக ஒருத்தர் அரை நாள் காத்திருந்தா, அது அவர் வீட்டு அரிசிக் காசு.

நான்காவது, ரகசியம் காக்கிற மனசு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கணும்னு 2013-ம் ஆண்டுச் சட்டம் சொல்லுது. இதைச் சொல்லி முடிச்சதும் ஒரு தங்கச்சி தனியா வந்து உங்ககிட்ட ஏதோ சொல்லக்கூடும். அது உங்களோட இருக்கணும். அவர் சம்மதம் இல்லாம அடுத்த ஆளுக்குப் போகக்கூடாது. சூப்பர்வைசர் இருக்கிற இடத்துல இந்தப் பேச்சையே எடுக்காதீங்க.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிடறேன். பயிற்சியில் போட்டோ எடுக்காதீங்க. நம்ம பக்கத்துல பதிவு போட ஆசையா இருக்கும். அந்தப் படம் முதலாளி கண்ணுல பட்டா, நாளைக்கு வேலை போறது நமக்கு இல்லை, அவங்களுக்கு. அன்றைக்கு உறுப்பினர் படிவத்தையும் நீட்டாதீங்க. நம்பிக்கை வந்தா அவங்களே நம்மைத் தேடி வருவாங்க.

இதைப் படிக்கிற நீங்களும் உங்க ஊரில், உங்க பட்டறையில் இப்படி நாலு பேரை உட்காரவெச்சுப் பேசலாம். பயிற்சி ஜெயிச்சுதான்னு எப்படித் தெரியும்? கைதட்டலில் தெரியாது. அடுத்த முறை மேஸ்திரி பணத்தை நீட்டும்போது, நம்ம ஆள் கையை நீட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்கணும். அந்தக் கேள்விக்காகத்தான் நாம மலை ஏறுறோம்.



#கள்ளக்குறிச்சி #கல்வராயன்மலை #தொழிலாளர்உரிமை