தியாகராயரும் ஓரணாச் சிற்றுண்டியும்

(ஆரணி நெசவாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பணக்காரரைப் புகழ்வது சுயமரியாதைக்காரனுக்கு வேலையல்ல. ஆகவே சர். பிட்டி. தியாகராய செட்டியாரைப் பற்றிப் பேசும்போது, அவர் சேர்த்த பணத்தையோ கொடுத்த நன்கொடைகளையோ நான் கணக்கிடப் போவதில்லை.

அவர் 1852-ல் தேவாங்கர் என்னும் நெசவு ஜாதியில் பிறந்தவர். பி.ஏ. பட்டம் பெற்றவர், நெசவாலை நடத்தியவர். 1916-ல் டாக்டர் நாயர், டாக்டர் நடேச முதலியார் ஆகியோருடன் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைக் கண்டவர். அக்கட்சி 1920 தேர்தலில் ஜெயித்தபோது முதல் மந்திரி பதவி தன்னைத் தேடி வந்தும், வேண்டாமென்று சொல்லி சுப்பராயலு ரெட்டியாருக்கு விட்டுக்கொடுத்தவர்.

அவர் நாத்திகரா என்றால், இல்லை. பக்தர்தான், கோவில் காரியங்களுக்கும் கொடுத்தவர்தான். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய பெயர் எதனால் நிற்கிறது என்று பாருங்கள்!

அவர் சென்னை நகரசபைத் தலைவராயிருந்த 1920-ம் ஆண்டில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகரசபைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் பகலில் சிற்றுண்டி கொடுப்பதென்று தீர்மானமாயிற்று. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்ற சாதாரண உண்மையைத் தவிர அதற்கு வேறு சாஸ்திரம் தேவைப்படவில்லை.

அன்னதானம் நம் நாட்டுக்குப் புதிதா? சத்திரங்கள் எத்தனை, மடங்கள் எத்தனை! ஆனால் அங்கே கொடுப்பவனுக்குப் புண்ணியம், வாங்குபவனுக்கு அவமானம். பந்திக்குப் பந்தி ஜாதி வேறு! நகரசபைச் சோறோ செட்டியார் வீட்டுச் சோறு அல்ல, ஊரார் வரிப்பணம். அதைத் தின்ற பிள்ளை யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. தர்மத்தை உரிமையாக மாற்றியதுதான் அவருடைய பெரிய காரியம் என்பேன்.

சர்க்கார் செலவுக்கு இடந்தராததால் 1925-ல் அது நின்றது. அவ்வாண்டே தியாகராயரும் மறைந்தார். ஆனால் விதை சாகவில்லை. 1956-ல் காமராசர் மதிய உணவு கொடுத்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது.

ஆரணித் தோழர்களே! சாமிக்குச் சார்த்தும் பட்டையும் கல்யாணப் பட்டையும் நெய்தவர்கள் நீங்கள். கரைக்கு நாடா தள்ள ஒரு பிள்ளை வேண்டுமென்று, எழுத்துப் படிக்க வேண்டிய வயதில் எத்தனை பிள்ளைகளைத் தறிக்குழியருகே உட்கார வைத்தோம்! முன்பணக் கடன் செய்த வேலையை ‘தலைவிதி’ என்று சொல்லி நம்மை நாமே ஏய்த்துக்கொண்டோம். தலையில் எழுதியவன் எவனுமில்லை. கடன் சீட்டில் எழுதியவன்தான் உண்டு!

ஆகையால் நான் கேட்பது ஒன்றே. தியாகராயருக்கு மாலை போட வேண்டாம். உங்கள் தெருப் பள்ளிக்குச் சென்று, பெயர் எழுதியும் வராமலிருக்கும் பிள்ளைகள் யார் என்று விசாரியுங்கள். சோறு சரியாயிருக்கிறதா என்று அதிகாரியைத் தைரியமாகக் கேளுங்கள். அது பிச்சையல்ல, நம் பணம். பிள்ளையின் கையில் நாடாவுக்குப் பதில் புத்தகம் இருக்கட்டும். அதுவே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.