தீர்ப்பவரும் பணி செய்பவரும்

நீதிமன்றத்திலிருந்து ஓர் அறிவித்தல் வீட்டுக்கு வருமாயின், அதனைப் பெறுபவர் முதலில் அறிய விரும்புவது, தம்மிடம் வந்திருப்பவர் யார் என்பதே. அவர் தீர்ப்புக் கூறுபவரா, தீர்ப்பை நிறைவேற்றுபவரா, அன்றித் தீர்ப்புக்கு வேண்டிய விபரங்களைத் திரட்டுபவரா? இம்மூவரையும் பிரித்துணர்த்த வேண்டியது அவரவர் பதவிப் பெயர். பெயர் மயங்கினால் மக்கள் உரிமையும் மயங்கும்.

இப்பாகுபாடு தமிழர்க்குப் புதியதன்று. மதுரைக்காஞ்சி மதுரை மாநகரத்து அறங்கூறவையத்தைப் பாடுகின்றது. அறத்தை எடுத்துக் கூறுவோர் கூடும் அவை என்பது அப்பெயரின் பொருள். திருக்குறளின் 12ஆம் அதிகாரம் நடுவு நிலைமை பற்றியது. நடுவர் என்னும் சொல்லும் அந்த நடுவினின்றே தோன்றியது. பெரியபுராணத்திலே, திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடைபெற்ற வழக்கை நோக்குக. சுந்தரரைத் தம் அடிமை என்று முதியவர் ஒருவர் ஓலை காட்டுகின்றார். அவ்வோலையை வாங்கி வாசிப்பவன் கரணத்தான். சுந்தரரின் பாட்டனார் எழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பு நோக்கிய பின்னர் முடிவு கூறுவோர் அவையத்தார். வாசித்தவன் தீர்க்கவில்லை. அவன் தொழில் வேறு, அவர்கள் தொழில் வேறு.

இலங்கையிலே ஐரோப்பியர் ஆட்சியோடு புதிய பதவிகளும் புதிய பெயர்களும் வந்தன. அப்புக்காத்து, பிறக்கிராசி, நொத்தாரிசு என்பன யாழ்ப்பாணத்து ஊர்களில் வீட்டுச் சொற்களாயின. இவற்றுள் பிஸ்கால் என்னும் பெயரின் வரலாறு கருதத்தக்கது. ஒல்லாந்தக் கும்பனியார் காலத்தில் பிஸ்கால் என்பவர் குற்றவழக்குத் தொடுக்கும் அதிகாரி. ஆங்கிலேயர் காலத்திலோ அப்பெயர், அழைப்பாணையைச் சேர்ப்பித்து, மன்றின் கட்டளைப்படி சொத்தைக் கைப்பற்றி, ஏலத்தில் விற்பவருக்கு உரியதாயிற்று. பெயர் நின்றது, தொழில் மாறியது. பெயரோ தொழிலைச் சொல்லாத பிறமொழிப் பெயர். ஆகவே பிஸ்காலின் ஆள் படலையைத் திறந்தவுடன், வழக்கே முடிந்துவிட்டதென அஞ்சியோரும் உண்டு. நியாயமெல்லாம் அவரிடமே கூறி மன்றாடியோரும் உண்டு. அவரோ ஏவியதைச் செய்பவர். முறையீட்டைக் கேட்கும் அதிகாரம் மன்றுக்கே உரியது.

தமிழ்ப் பெயராயின் மயக்கம் நீங்கிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. இலங்கையில் நீதவான் என்பவர் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு விசாரிப்பவர். தமிழ்நாட்டிலே அவரையொத்தவரைக் குற்றவியல் நடுவர் என்பர். ஆனால் சமாதான நீதவான் எந்த வழக்கையும் தீர்ப்பதில்லை. சத்தியக் கடதாசியை அத்தாட்சிப்படுத்துதல் போன்றனவே அவர் பணி. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபையும் தீர்ப்புக் கூறுவதில்லை. இரு பகுதியாரையும் இணக்கத்துக்குக் கொண்டுவர முயல்வதே அதன் கடமை. காதி என்னும் அரபுச் சொல்லோ தீர்ப்பவர் என்றே பொருள்படும். முஸ்லிம்களின் மணவிலக்கு முதலிய வழக்குகளை அவர் விசாரித்து முடிவு கூறுகின்றார்.

இம்மயக்கம் பெரிதும் இடர் விளைப்பது பாகப்பிரிவினை வழக்கிலேயாகும். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, மன்று நில அளவையாளர் ஒருவருக்கு ஆணை வழங்குகின்றது. அதனால் அவர் ஆணையாளர் எனப்படுகின்றார். ஆணையிடுபவர் என்று பலர் பொருள் கொள்வர். உண்மையில் அவர் ஆணை பெற்று வந்தவர். காணியை அளந்து, வேலியையும் கிணற்றையும் மரங்களையும் குறித்து, உரிமை கோருவோர் கூற்றைப் பதிந்து, படத்தோடும் அறிக்கையோடும் மன்றுக்குத் திரும்புவார். யாருக்கு எத்தனை பங்கு என்பதை நீதிபதியே தீர்மானிப்பார். பங்கு பிரிக்க ஆணையாளர் வகுக்கும் திட்டமும் மன்று ஏற்ற பின்னரே செல்லும். அதற்கு மறுப்புத் தெரிவிக்கவும் இடமுண்டு.

இதனை அறியாத ஒருவர், ஆணையாளரிடம் சொல்லிவிட்டோம், அதுவே போதும் என்று மன்றின் அறிவித்தலைப் பொருட்படுத்தாது இருந்துவிடலாம். பாகப்பிரிவினைத் தீர்ப்போ இறுதியானது. தந்தை வழி வந்த முதுசக் காணி, ஒரு சொல்லின் பொருளறியாமையாற் கைநழுவிப் போகக்கூடும்.

1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் அப்புக்காத்து, பிறக்கிராசி என்னும் இருவகையினரையும் ஒன்றாக்கியது. சட்டத்தரணி என்னும் ஒரே பெயர் இன்று எவர்க்கும் விளங்குகின்றது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் அரசியலமைப்புத் திருத்தப்படி சிங்களமும் தமிழும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகள். எனவே சொல்லாக்கம் செய்வோர்க்குப் பெரும் பொறுப்பு உண்டு. பெயர் இனிதாய் ஒலித்தால் மட்டும் போதாது. அதிகாரம் எங்கிருந்து வருகின்றது, எங்கே முடிகின்றது என்பதையும் அது காட்டவேண்டும். பெயரை மாற்ற இயலாத இடத்து, மன்றினால் நியமிக்கப்பட்ட அளவையாளர், தீர்ப்புக் கூறுபவரல்லர் என்று அறிவித்தலிலேயே ஒரு வரி சேர்க்கலாம்.

பொதுமக்கள் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. மன்றின் பெயரால் ஒருவர் வந்தால் அவரை மதித்து வரவேற்று, அவர் கொணர்ந்த கட்டளையை வாசித்து, இதைத் தீர்ப்பவர் யார், அவர் முன் தோன்றும் நாள் எது என்று வினவுதல் வேண்டும். அவ்வினா அவமதிப்பாகாது, அது குடிமக்களின் உரிமை.