பழைய பென்ஸ்: வாரன்டிக்கு மூணு லட்சம் கொடுக்கலாமா?

நாட்றம்பள்ளியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "பெங்களூர்ல ரெண்டு பழைய பென்ஸ் செடான் பார்த்தேன். ஒண்ணு கம்பெனி ஷோரூம்ல, வாரன்டியோட. இன்னொண்ணு ஓனர்கிட்ட நேரா, மூணு லட்சம் கம்மி. எதை எடுக்கட்டும்?"

மெர்சிடிஸ் பென்ஸ் சர்டிஃபைட், பிஎம்டபிள்யூ பிரீமியம் செலக்‌ஷன், ஆடி அப்ரூவ்டு பிளஸ்னு கம்பெனிகளே சோதிச்ச பழைய வண்டிகளை விக்கிறாங்க. அந்த மூணு லட்சத்துல ஒரு பகுதி வாரன்டிக்குத்தான். பிரேக் பேட், டயர் மாதிரி தேயுற பொருள் அதுல பொதுவா சேராது. ஏர் சஸ்பென்ஷன், எலக்ட்ரானிக்ஸ் சேருமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

சர்வீஸும் கம்பெனி ஒர்க்‌ஷாப்புலதான் செய்யணும். வெளியில கைவெச்சா வாரன்டி மறுக்கப்படலாம். உங்களுக்கு அது பெங்களூர். ஒவ்வொரு தடவையும் நூறு கிலோமீட்டருக்கு மேல. வழியில வண்டி நின்னா டோயிங் யார் செலவு? அதையும் கேளுங்க.

ரெண்டுமே கர்நாடகப் பதிவுன்னா, என்ஓசி வாங்கி, இங்க லைஃப் டாக்ஸ் கட்டி மறுபதிவு செய்யணும். அந்தக் காசையும் விலையில சேர்த்துப் பாருங்க.

கியர்பாக்ஸ் போனா செலவு லட்சக்கணக்குல வரும். அதுக்குத் தனியா காசு இருந்தா, நல்ல மெக்கானிக்கை வெச்சுப் பார்த்து ஓனர் வண்டியை எடுங்க. இருக்கறதை எல்லாம் வழிச்சு, கடன் வாங்கி எடுக்கறீங்கன்னா வாரன்டி வண்டிதான் சரி.

அடுத்த வாரம் சந்திப்போம்.