இராமானுஜன் விட்டுவிட்ட எண்



வெள்ளிவிழா மேடையில் ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். 293318625600. அதாவது, 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

நெட்டுக்குப்பத்துக் கரையில் மீனைக் கூறு கட்டுவோர் அறிவர். பத்து மீனை இரண்டு கூறாகவோ ஐந்து கூறாகவோ சமமாக வைக்கலாம். பன்னிரண்டையோ 2, 3, 4, 6 எனப் பலவாறு வைக்கலாம். 1, 12 ஆகியவற்றையும் சேர்த்தால் பன்னிரண்டுக்கு ஆறு காரணிகள். அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் வெல்வதை மிகு பகு எண் எனலாம். அடுத்து வருபவை 24, 36, 48, 60.

இவற்றை விரிவாக ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுஜன். கல்லூரித் தேர்வில் தோற்றவர். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே அவருடைய நோட்டைப் புரட்டி வியந்த நாராயண ஐயர் இருந்தார். ஆதரவு காட்டிய துறைமுகத் தலைவர் ஸ்பிரிங் இருந்தார். 1913-இல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. அவர் மேதைமையை நாம் குறைக்கவில்லை. ஆயினும் துறைமுகத்தில் மூட்டை சுமந்த நம் பாட்டன்மாருக்குப் புரட்டிக் காட்ட நோட்டே இருந்ததில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1915-இல் இலண்டனில் வெளிவந்த கட்டுரையில் 6746328388800 வரையிலான மிகு பகு எண்களை அவர் பட்டியலிட்டார். மொத்தம் 102. அவற்றுள் நாம் முதலிற் சொன்ன எண் இல்லை, விடுபட்டுவிட்டது! நாமகிரித் தாயார் கனவில் அருளியவை அவர் கணக்குகள் என்போர் இதற்கு என்ன சொல்வார்களோ, அறியோம். கையால் கணக்கிட்ட மனிதர் ஓரிடத்தில் தவறவிட்டார் என்பதே நம் எண்ணம்.

இனிச் சரிபார்ப்போம். 2-ஐ ஆறு முறை, 3-ஐ நான்கு முறை, 5-ஐ இருமுறை, 7-ஐ இருமுறை, பிறகு 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறை பெருக்கினால் இவ்வெண் வரும். ஒரு காரணியை அமைக்கையில் 2-ஐ ஒருமுறையும் எடுக்காமலும் விடலாம், ஆறு முறை வரையும் எடுக்கலாம். ஆக ஏழு வழி. அவ்வாறே 3-க்கு ஐந்து, 5-க்கு மூன்று, 7-க்கு மூன்று, மற்ற நான்கிற்கும் இவ்விரண்டு வழிகள். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040 காரணிகள். இதற்கு முந்திய மிகு பகு எண்ணான 195545750400-க்கு 4608 காரணிகளே உள்ளன. வியப்பு யாதெனில், விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் அவர் பட்டியலின் கடைசி எண்ணே கிடைக்கிறது.

"கணக்கு உங்களுக்கு வராது" என்று நம் பிள்ளைகளிடம் பள்ளியிலும் சொல்கிறார்கள், சில வீடுகளிலும் சொல்கிறார்கள். மேலே செய்தது முழுவதும் பெருக்கல்தான். இரவு வகுப்பு மாணவர் எவரும் ஒரு தாளில் செய்து முடிப்பர்.

5040-உம் ஒரு மிகு பகு எண்ணே. அதற்கு 60 காரணிகள் என்கிறோம். எம் சொல்லை நம்பாமல், நாளை மாலை கரும்பலகையில் நீங்களே உடைத்துப் பாருங்கள், 2-இலிருந்து தொடங்குங்கள்.