ஏழு பரிசு வாங்கிய குழப்பம்



2022-ல் அமெரிக்காவில் வெளிவந்த “எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்” என்னும் சினிமாப்படத்தைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். டேனியல் குவான், டேனியல் ஷைனர்ட் என்ற இருவர் எடுத்த அப்படத்துக்கு 2023 மார்ச்சில் ஏழு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. அதில் நடித்த, மலேசியாவின் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோவுக்குச் சிறந்த நடிகைக்கான பரிசு. நமக்கும் சந்தோஷந்தான். ஆனால் படம் முடிந்தபோது நமக்கு மிஞ்சியது பாதி சந்தோஷமும் பாதி தலைவலியுமே.

எவலின் என்ற சீனப் பெண் அமெரிக்காவில் சலவைக்கடை நடத்துகிறாள். வரிக்கணக்குக் காட்டப் போன இடத்தில், உலகங்கள் எண்ணற்றவை என்றும், ஒவ்வொன்றிலும் தான் ஒவ்வொரு விதமாய் இருப்பதாகவும் அறிகிறாள். ஒன்றில் சினிமா நட்சத்திரம், ஒன்றில் வெறும் பாறாங்கல்! இரண்டேகால் மணிக்கு மேல் இந்தத் தாவல்தான்.

இது விஞ்ஞானமா என்றால், 1957-ல் ஹ்யூ எவரெட் என்ற அமெரிக்கர், அணுவுக்குள் நடக்கும் காரியங்களை ஆராய்ந்து, நேரக்கூடிய முடிவுகள் எல்லாமே வெவ்வேறு கிளைகளில் நேருகின்றன என்றார். விஞ்ஞானிகள் ஒருமுகமாய் அதை ஏற்கவில்லை. ஏற்றவர்களும் கிளைவிட்டுக் கிளை மனிதன் தாவலாம் என்று சொல்லவில்லை. ஆகையால் நாளைக்கு ஒரு புராணிகர், “ஈரேழு பதினான்கு லோகத்தை அமெரிக்காக்காரனே ஒப்புக்கொண்டான்” என்று தட்டை நீட்டினால் ஏமாந்துவிடாதீர்கள்.

பின் இப்படத்தில் என்னதான் இருக்கிறது? எவலின் பிறந்தபோது, பெண் குழந்தை என்ற சேதியை வைத்தியர் இழவு சொல்வதுபோல் சொல்லுகிறார். தானே தேர்ந்த புருஷனோடு அவள் புறப்பட்டபோது தகப்பனார் கைகழுவி விடுகிறார். இவ்வளவும் பட்டவள், தன் மகள் ஒரு பெண்ணைக் காதலிக்கும்போது, அதே தகப்பனாருக்குப் பயந்து “சிநேகிதி” என்று சொல்லி மூடி மறைக்கிறாள்! இச்சங்கதியைச் சொல்ல ஆயிரம் உலகம் எதற்கு? அந்தச் சலவைக்கடை ஒன்றே போதுமே. என்றாலும் கடைசியில் அவள் அக்கிழவர் முகத்துக்கு நேரே, இவள் என் மகளின் காதலி என்று சொல்லும்போது நமக்குத் தலைவலி போய்விட்டது.

எதற்கும் அர்த்தமில்லை என்கிறாள் மகள். அப்படியானாலும் அன்பாய் இருப்போம் என்பதே புருஷனுடைய கட்சி. அதற்குக் கடவுள் கட்டளையுமில்லை, மோட்சக் கூலியுமில்லை. இது நமக்குப் பிடித்தது. பிடிக்காதது, அத்தனை உலகத்திலும் அத்தனை வித்தை கற்றவள் திரும்பவும் அந்தச் சலவைக்கும் கணக்குக்குமே வந்து சேருவதுதான்.

பார்க்காதவர்கள் பாருங்கள். வீட்டுக் கிழவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.