பவுண்டுக் கணக்கும் அணையா அடுப்பும்



சானமாவுக் காட்டோரத்தில் கேழ்வரகு முற்றும் பருவத்தில் உழவர்க்கு உறக்கமில்லை. சவளகிரிப் பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கினால் ஓரிரவில் ஓராண்டு உழைப்பு போய்விடும். பரண்மேல் விழித்திருக்கும் அவ்வுழவருக்கு ஒரு கதிரின் அருமை தெரியும். அங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள ஓசூரில், திருமண மண்டபங்களின் பின்புறம் இலையோடு சோறும் சேர்த்துக் கொட்டப்படுகிறது. 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை கூறுகிறது. பசித்திருந்தோர் ஏறத்தாழ 78 கோடிப் பேர்.

விரயத்தைக் கண்டு அஞ்சுவது நல்ல குணமே. ஆனால் அந்த அச்சம் யாருடைய இலையின்மேல் பாய்கிறது என்பதே கேள்வி. இதனை விளக்க இந்த மண்ணிலேயே ஒரு வரலாறு உண்டு.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. ஓசூர் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டமோ பஞ்சத்தில் மிகவும் அடிபட்டவற்றுள் ஒன்று. 1877 சனவரியில் வைசிராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரியை இங்கு அனுப்பினார். இவர் கல்நெஞ்சராகப் பிறந்தவர் அல்லர். 1873-74இல் பீகாரில் பஞ்சம் நேர்ந்தபோது பர்மாவிலிருந்து நாலரை இலட்சம் டன் அளவுக்கு அரிசி தருவித்தவர். அங்குப் பட்டினிச் சாவுகள் மிகச் சிலவே. ஆயினும் அதற்காக அவருக்குக் கிடைத்தது ஊதாரி என்னும் பழி.

பழி கேட்ட டெம்பிள் தம்மைத் திருத்திக்கொண்டார்! நிவாரண வேலையில் கல்லும் மண்ணும் சுமக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதனை எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டு தானியமேனும் வேண்டும், பருப்பும் காய்கறியும் சேர வேண்டும், உழைக்கும் உடல் இதற்குக் குறைந்தால் தாங்காது என்று வாதிட்டார். அதன்பின் மாகாண அரசு ஒன்றேகால் பவுண்டும் சிறிதளவு பருப்புமாக உயர்த்தியது. அதற்குள் எத்தனை உயிர் போயிற்றோ!

டெம்பிள் கற்ற பாடம் தவறானது. சிக்கனத்தை அவர் பிறர் வயிற்றில் பழகினார். தன்னைத் திருத்தும் முயற்சியென்று அதற்குப் பெயரிட்டாலும், திருந்தியது அவருடைய கணக்குப் புத்தகம் மட்டுமே.

இப்பஞ்சத்திற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, முந்தைய பஞ்சத்தின் சுவடு ஆறாத காலத்தில், வடலூரில் வேறொரு கணக்கு தொடங்கியிருந்தது. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த எண்பது காணி நிலத்தில் இராமலிங்க அடிகளார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. வந்தவர் எந்நாட்டார், என்ன சாதி, எம்மதம், எத்தகைய நடத்தையினர் என்று அங்கு வினவுவதில்லை. பசி ஒன்றே தகுதி. டெம்பிளின் முகாமில் பசித்தவன் தன் பசியை உழைத்து மெய்ப்பிக்க வேண்டியிருந்ததை இங்கு நினைவுகூர்தல் தகும்.

அடிகளாரின் 'சீவகாருணிய ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலைக் கவிஞர்கள் அவர்தம் பாடல்களின் அளவுக்குப் படிப்பதில்லை. இது ஒரு குறையே. பிறர் பசியைப் போக்குதல் பிறர்க்குச் செய்யும் சலுகையன்று, செய்பவனே உயர்வதற்கான வழி என்பது அந்நூலின் உயிர்நாடி. பந்தலும் மேளமும் பலவகைப் பணியாரமுமாகத் திருமணத்தில் செலவிடுவோரை நோக்கி, அப்பகட்டு எந்த விபத்தையும் தடுத்ததில்லை என்று அவர் எடுத்துரைக்கிறார். ஒவ்வொருவரும் தம் தரத்துக்கு ஏற்ப, அவ்வேளையில் பசித்தவர்க்கு உணவிட வேண்டும் என்கிறார். திருமண மண்டபங்கள் இல்லாத காலத்தில் எழுதியது இது!

இன்று மிச்சத்தைக் காக்கும் தொண்டும் வளர்ந்துள்ளது. 2014இல் கோவையில் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு, விழாக்களில் எஞ்சும் உணவைப் பெற்று வறியவர்க்குச் சேர்க்கிறது. சமைத்த சோறு கெடுமுன் ஓடிச் சேர்க்கும் அவ்விளைஞர்களின் உழைப்பு பெரிது. ஆனால் விருந்து வைத்தவர்? ஐந்நூறு பேருக்கு எண்ணூறு இலை போட்டவர், மிச்சத்தை வண்டியில் ஏற்றிவிட்ட நிம்மதியில் அடுத்த மகளின் திருமணத்துக்கும் எண்ணூறே சொல்கிறார். தொண்டர்கள் மாறிக்கொண்டிருக்க, கொடுத்தவர் மாறவேயில்லை.

அடிகளார் பசித்தவரின் பங்கை விருந்து முடிந்தபின் தேடச் சொல்லவில்லை. விழாச் செலவைத் திட்டமிடும்போதே அதனை ஒதுக்கச் சொன்னார். சமையற்காரரிடம் எத்தனை இலை என்று சொல்லும் அந்த நேரத்தில் நூறைக் குறைத்து, அந்த நூறுக்கான அரிசியை ஊரின் ஏழை வீடுகளுக்கு முன்னதாகவே அளந்துவிடுவது ஓசூரிலும் செய்யக்கூடியதே.